பார்வை வேறு, பாடு வேறு

எங்கள் கடற்கரையில் ‘பாடு’ என்றால் வலையில் பட்ட மீன். வல்லம் என்கிற நாட்டுப்படகு கரையைத் தொடுவதற்கு முன்பே, இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர் கேட்கும் முதல் கேள்வி, “இன்னைக்கு என்ன பாடு?” சில வருடங்களாக அதே கரையில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. “வீடியோ எத்தனை வியூஸ் போச்சு?” முதல் கேள்விக்குப் பதில் கூடையில் இருக்கிறது, சாயங்காலத்துக்குள் காசாகிவிடும். இரண்டாவது கேள்விக்குப் பதில் திரையில் ஓடும் ஓர் எண். அந்த எண் தானாகவே காசாகிவிடும் என்று நம்பித்தான் ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் நிறையப் பிள்ளைகள் போனைக் கையில் எடுக்கிறார்கள். பார்வை போவதற்கும் பாடு வருவதற்கும் நடுவே யாரும் படம் பிடிக்காத ஒரு வேலை இருக்கிறது. எனக்குத் தெரிந்து, பலர் தோற்பது அங்கேதான்.

முதலில் கடலைச் சொல்லிவிடுகிறேன். வடக்கே எஸ்.பி. பட்டினம் பக்கம் தொடங்கித் தெற்கே ரோச்மா நகர் வரை, சுமார் 237 கிலோமீட்டர் நீளக் கரை எங்கள் மாவட்டத்துக்கு. பாம்பன் பாலத்துக்கு ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. வாடைக் காற்று வீசும் மாதங்களில் பாக் நீரிணை கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது நேர்மாறு. அதனால் ஏதாவது ஒரு பக்கத்துக் கடலில் பெரும்பாலும் தொழில் நடந்துகொண்டே இருக்கும். வீடியோ எடுக்கிறவருக்கு இது பெரிய வசதி. மற்ற ஊர்க்காரர்கள் விஷயம் தீர்ந்துபோய் என்ன போடுவதென்று யோசிக்கும்போது, இங்கே கரைவலை, நண்டு வலை, கணவாய், கடல்பாசி எடுக்கும் பெண்கள், பனங்காட்டுக் கருப்பட்டி என்று ஒன்று போனால் ஒன்று வரும்.

இணையம் எங்கள் ஊர்களுக்கு வியாபாரமாக வரவில்லை, ஏக்கமாகத்தான் வந்தது. வலைப்பூ எழுத உதவும் பிளாக்கர் சேவை 1999-ல் தொடங்கியது, கூகுள் அதை 2003-ல் வாங்கியது. தமிழில் வலைப்பூக்கள் எழுதப்பட்டதும் 2003 வாக்கில்தான். அடுத்த வருடமே அவற்றைத் திரட்டிக் காட்டத் தமிழ்மணம் வந்துவிட்டது. அந்தப் பத்தாண்டில் கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று கடலோர ஊர்களின் பெயரில் வலைப்பூக்கள் முளைத்தன. எழுதியவர்களில் பலர் வளைகுடா நாடுகளில் வேலை பார்த்த சபராளிகள். யார் வீட்டில் நிக்காஹ், யார் மவுத் (இறப்பு), நேற்று ஊரில் மழை பெய்ததா, குளம் நிறைந்ததா என்பதைத் துபாயில் இருப்பவர் தெரிந்துகொள்ள அதுதான் வழி. விளம்பரம் கிடையாது, வருமானம் கிடையாது. ஆனால் படிக்கிற ஒவ்வொருவரும் அந்த ஊர்க்காரர், எழுதுகிறவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது அவருக்குத் தெரியும். இருநூறு பேர்தான் படித்தாலும் அந்த இருநூறு பேரும் நம்பினார்கள். இன்றைய ஆன்லைன் வியாபாரத்துக்கு எது அடிப்படையோ அது அப்போதே எங்களிடம் இருந்தது, நாங்கள்தான் அதை வியாபாரமாகப் பார்க்கவில்லை.

2016-ல் இரண்டு விஷயங்கள் அடுத்தடுத்து வந்தன. ஆகஸ்டில் பாம்பனில் ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி, 90.4 எஃப்.எம். மீனவர்களுக்காகவே காற்று, அலை, மீன் விலை, பாட்டு என்று பேசும் வானொலி. செப்டம்பரில் ஜியோ. டேட்டா விலை சரிந்தது, வலை பின்னுகிறவர் கையிலும் யூடியூப் ஓடத் தொடங்கியது. இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பார்ப்பது நல்லது. வானொலி, கேட்கிறவர் யார் என்று தெரிந்து அவருக்கு வேண்டியதைச் சொன்னது. போனோ, பார்க்கிறவர் யாரென்றே தெரியாமல் எல்லோருக்கும் எல்லாவற்றையும் காட்டியது. புயல் நேரத்தில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். எங்கோ எப்போதோ எடுத்த அலை வீடியோவுக்குப் ‘பாம்பன் இப்போது’ என்று தலைப்பிட்டு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிடுவார்கள், கடலுக்குப் போன பிள்ளையை நினைத்து ஒரு தாய் அழுதுகொண்டிருப்பார்.

சரி, கடல் வீடியோக்களுக்கு ஏன் இவ்வளவு கூட்டம்? அழகு ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டுமில்லை. 2012-ல் யூடியூப் தன் கணக்கை மாற்றிக்கொண்டது. எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு எடை கொடுக்கத் தொடங்கியது. மீன்பிடித் தொழில் அதற்கென்றே அளவெடுத்ததுபோல் பொருந்தியது. வலை இறங்கிவிட்டால் அது மேலே வரும்வரை என்ன பட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பார்க்கிறவர் நடுவில் எழுந்து போகமாட்டார். வலை இழுக்கும் இருபது நிமிடமும் ஒரு கதை. நாலு தலைமுறையாக நாங்கள் பார்த்துச் சலித்த காட்சி, ஈரோட்டில் ஒரு மில் தொழிலாளிக்கு இரவுச் சாப்பாட்டோடு பார்க்கிற படமாகிவிட்டது. அந்தத் தொழிலை ஊர் உலகம் மதிப்போடு பார்ப்பதில் எனக்கு உள்ளபடியே சந்தோஷம். ‘மீன்காரன்’ என்று மட்டமாகச் சொன்ன வாய்கள், ‘அண்ணே, அடுத்த வீடியோ எப்போ?’ என்று கேட்கின்றன.

காசு எப்படி வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சேனலுக்கு விளம்பர வருமானம் வர 1000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்ற விதி 2018-ல் வந்தது. நீள வீடியோவில் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம் எடுத்தவருக்கு. ஷார்ட்ஸ் என்றால், வருகிற பணத்தை ஒரு பொதுக்குடத்தில் போட்டு, பாட்டு உரிமைக்கு எடுத்தது போக, பங்கில் 45 சதவீதம். விளம்பரத்தின் விலை, பார்க்கிறவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். சிங்கப்பூரில் ஒருவர் பார்ப்பதும் சிவகங்கையில் ஒருவர் பார்ப்பதும் எண்ணிக்கையில் ஒன்று, காசில் ஒன்றில்லை. அரை நிமிட ஷார்ட்ஸ் லட்சம் பார்வை போனது என்று மிட்டாய் கொடுத்த பையன், மாதக் கடைசியில் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவன் ஏமாற்றப்படவில்லை. கணக்கை யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

பார்வைக்கு ஒரு பசி உண்டு. நேற்றுப் பிடித்ததைவிட இன்று பெரிய மீன், நேற்றைவிட இன்று ஆபத்து. இல்லாவிட்டால் எண் கீழே இறங்கும். இதற்குத் தனுஷ்கோடியைத்தான் முதலில் சொல்லவேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் அழிந்த ஊர். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அந்த ஊர் வழியாக அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை திறந்தது 2017-ல். சாலையும் மலிவு டேட்டாவும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்தன, வீடியோக்கள் குவிந்தன. தலைப்புகளைப் பாருங்கள்: ‘பேய் நகரம்’, ‘மர்ம ஊர்’. இடிந்த தேவாலயத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இன்றும் குடிசை போட்டு மீன்பிடித்து வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் அந்தத் தலைப்புகளைப் படிக்கிறார்கள். பேய்க்குப் பார்வை கிடைக்கிறது, அங்கே வாழ்கிற மனுஷிக்கு, அவர் ஊற்று தோண்டி எடுக்கும் நல்ல தண்ணீருக்குப் பார்வை இல்லை. இது எனக்கு வலிக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை.

இன்னும் சிலர் பார்வைக்காகத் தீவுகளில் இறங்குகிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதியில்லாமல் கால் வைப்பது குற்றம். கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறை எல்லாம் 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் ஏறியவை. கடல் ஆமையும் கடல்பசுவும் அதற்கு முன்பிருந்தே உள்ளவை. வலையில் தெரியாமல் மாட்டிய ஆமையை, வலையை அறுத்து விடுவிக்கிற வீடியோ வேறு, கையில் தூக்கிப் போஸ் கொடுக்கிற வீடியோ வேறு. போட்ட வீடியோவே நமக்கெதிரான சாட்சி.

இப்போது கருவாட்டுக்கு வருகிறேன், இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் மதினி, மண்டபத்துக்கு அருகே வேதாளைப் பக்கம் கருவாடு போடுகிறவர். ஏழெட்டு வருடம் முன்பு வரை மூட்டையாகக் கட்டி வியாபாரிக்குக் கொடுப்பார், அவர் சொன்னதுதான் விலை. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018-ல் வந்தது. சென்னையில் இருக்கும் மகள் முறைப் பெண் ஒருத்தி அதைப் போட்டுக்கொடுத்தாள். முதலில் வந்த கேள்விகள் விலையைப் பற்றியவை இல்லை. பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்டது ஒரே கேள்வி: “மண் இருக்குமா?”

கடற்கரை மணலிலேயே கொட்டிக் காயவைத்த நெத்திலியில் எத்தனை முறை கழுவினாலும் நறநறவென்று பல்லில் மாட்டும். அதில் ஏமாந்தவர்கள் கேட்கிற கேள்வி அது. மதினி தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய வலைமேல் காயப்போடுகிறவர். இதை எப்படிக் கோயம்புத்தூர்க்காரருக்குப் புரியவைப்பது? “இல்லீங்க” என்று எழுதினால் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

ஒருநாள் என்னிடம், “தம்பி, போனைப் பிடி” என்றார். ஒரு கை நெத்திலியை அள்ளி வெள்ளைத் துண்டில் போட்டார். துண்டின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்து நன்றாக உலுக்கினார். அப்புறம் கருவாட்டைச் சுளகில் கொட்டிவிட்டு, வெறும் துண்டைக் கேமராவுக்கு நேராக வெயிலில் விரித்துக் காட்டினார். வெள்ளிப்பொடி போலக் கொஞ்சம் செதில், ஒடிந்த தலை ஒன்றிரண்டு. மணல் இல்லை. “பாத்துக்கங்க” என்றார். அவ்வளவுதான். பாட்டு இல்லை, எழுத்து இல்லை, அரை நிமிடம்கூட இல்லை. யூடியூபில் போட்டிருந்தால் யாரும் சீண்டியிருக்கமாட்டார்கள். மதினி அதைப் போடவில்லை. கேட்டவர்களுக்கு மட்டும் அனுப்பினார். அந்தத் துண்டு வீடியோதான் இன்றுவரை அவர் கடையின் பெயர்ப்பலகை.

எனக்குத் தெரிந்து நல்ல ஆன்லைன் வியாபாரம் என்பது இதுதான். வாங்குகிறவர் மனத்தில் உள்ள பயம் என்ன என்று கண்டுபிடித்து, அதற்கு நேராகப் பதில் காட்டுவது. விற்கிறவர் தன் பொருளின் பெருமையைத்தான் சொல்லப் பார்க்கிறார். ‘சுவையானது, தரமானது, பாரம்பரியமானது’ என்று எழுதுகிறார். வாங்குகிறவர் கேட்பது மண் இருக்குமா, உப்புத் தூக்கலா, பூச்சிக்கு மருந்து அடிப்பீர்களா, பார்சல் பிரிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரா. இந்த நாலுக்கும் நாலு வீடியோ போதும்.

அப்புறம் ஒரு நாள் பார்வை வந்தது. ஊர் சுற்றி வீடியோ போடும் ஒரு தம்பி வந்து மதினியைப் படம் எடுத்தார், நல்ல பிள்ளைதான், காசும் கேட்கவில்லை. வீடியோ பெரிதாக ஓடியது. கீழே போன் நம்பரும் போட்டிருந்தார். மூன்று நாள் போன் அடங்கவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கும் அழைப்பு. விலை கேட்டு வைத்தவர்கள், சும்மா பேசிப் பார்த்தவர்கள், ஒரு கிலோ இலவசமாக அனுப்பினால் நாங்களும் வீடியோ போடுகிறோம் என்றவர்கள். வழக்கமாக வாங்கும் மதுரைக்காரம்மா ஒருவர் நாலு முறை அழைத்தும் கிடைக்காமல் கோபித்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய சிக்கல் சரக்கு. மூன்று நாலு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால்தான் ஒரு கிலோ கருவாடு. நல்ல வெயில் வேண்டும், மேகம் போட்டால் கெட்டது. பார்வை பத்து மடங்கு ஏறினால் கடலில் நெத்திலி பத்து மடங்கு ஏறாது. அந்த வாரம் வந்த ஆர்டரை அனுப்ப ஒரே வழி, வெளியில் மூட்டை வாங்கித் தன் பையில் போட்டு அனுப்புவது. பலர் அதைத்தான் செய்கிறார்கள். மூட்டையோடு மணலும் வரும். புதிதாக வந்தவர் ஒருமுறை வாங்கிவிட்டுப் போய்விடுவார், பழையவரும் அதே மணலைக் கடித்துவிட்டுப் போய்விடுவார். மதினி வெளிச்சரக்கு வாங்கவில்லை. “சரக்கு இல்லை, அடுத்த மாதம் கேளுங்கள்” என்று ஸ்டேட்டஸில் போட்டார். கேட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்த மாதம் வரவில்லை. வந்த கொஞ்சப் பேர் இன்னும் இருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் என்று ஒரு வசதி உண்டு. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்த்து ஒரே செய்தியை அனுப்பலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச்சேரும். இதைக் குறை என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு இது வரமாகத் தெரிகிறது. ‘கருவாட்டு அக்கா மண்டபம்’ என்று யாரோ ஒருவர் தன் போனில் பெயர் போட்டு வைத்திருக்கிறார் என்றால், அவர்தான் வாடிக்கை.

மீனவர்களுக்கு இதை விளக்க நான் முன்பணத்தைச் சொல்வேன். வலை வாங்க, எஞ்சின் பழுது பார்க்க ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டால், பிடித்த மீனை அவரிடம்தான் போடவேண்டும், அவர் வைத்ததுதான் விலை. யூடியூப், இன்ஸ்டாகிராம் எல்லாம் அப்படித்தான். அவர்கள் பணம் தருவதற்குப் பதில் கூட்டம் தருகிறார்கள். கூட்டம் அவர்களுடையது, விதியை மாற்றும்போது நம்மைக் கேட்கமாட்டார்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளை அரசு தடை செய்தது. எங்கள் பக்கத்தில் டிக்டாக்கில் லட்சம் பேரைச் சேர்த்து வைத்திருந்த பிள்ளைகளிடம் மறுநாள் ஒருவர் எண்கூட இல்லை. அதே டிக்டாக்கில் மீன் காட்டி, கேட்டவர்களின் போன் நம்பரை ஒரு நோட்டில் எழுதி வைத்தவர்களுக்கு வியாபாரம் நிற்கவில்லை.

தேடுவதில் உள்ள சிக்கலையும் சொல்லவேண்டும், இது பலருக்குத் தோன்றுவதில்லை. நாங்கள் சீலா என்பதைச் சென்னைக்காரர் வஞ்சிரம் என்கிறார், கன்னியாகுமரிக்காரர் நெய்மீன் என்கிறார். சென்னையில் சீலா என்றால் வேறு மீன். எங்கள் சாளை மற்றோர் ஊரில் மத்தி. எங்கள் காரல் சென்னையில் காரப்பொடி. ‘சீலாக் கருவாடு’ என்று மட்டும் எழுதினால் வஞ்சிரம் தேடுகிற சென்னைக்காரர் கண்ணில் படாது, பட்டாலும் வேறு மீனென்று நினைத்து வாங்கிவிட்டுச் சண்டை போடுவார். அதனால் மூன்று பெயரையும் எழுதி, வெட்டாத மீனின் படத்தையும் போடவேண்டும். மிளகாய்க்கும் இதே கதை. 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது ‘ராமநாதபுரம் முண்டு மிளகாய்’ என்ற பெயருக்கு. வீடுகளில் தேடுவது ‘குண்டு மிளகாய்’. விற்கிறவர் இரண்டையும் சேர்த்து எழுதாவிட்டால், குறியீடு ஒரு பக்கம், வாங்குகிறவர் ஒரு பக்கம்.

பொட்டலத்தின் மேல் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் இருக்கவேண்டும், இதில் சமாதானம் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு ஒரு கடையைப் புகழ்ந்தால், இது விளம்பரம் என்று வீடியோவிலேயே சொல்லவேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். அடுத்த வீட்டுக் கீழக்கரைத் தொதல் இனிப்பை ‘உலகிலேயே’ என்று புகழத் தொடங்கும் தம்பிகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

பார்சல் ஒரு தனிப் பாடு. ஒரு கூரியர் அலுவலகத்தில் வாசனை வருகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மதினி அதற்குப்பிறகு காற்றை உறிஞ்சி ஒட்டும் சின்ன மெஷின் ஒன்று வாங்கினார். பை, அதன்மேல் இன்னொரு பை, அப்புறம் அட்டைப்பெட்டி. அந்த மூன்றடுக்கு ஒட்டுகிற வீடியோவும் இப்போது கேட்கிறவர்களுக்குப் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு அதுதான் பதில்.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். 2017-க்கு முன் அது 45 நாளாக இருந்தது. வல்லங்கள் போகும், ஆனால் சந்தையில் மீன் குறையும், விலை ஏறும். மதினி பங்குனி வெயிலிலேயே காயவைத்ததை எடைபோட்டுக் கட்டி வைத்துவிடுவார். தடை தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது அவருடைய நோட்டை எடுப்பார். பெயர், ஊர், உப்பு வேண்டுமா வேண்டாமா, தலையோடா தலை கிள்ளியா என்று ஒவ்வொரு வரியிலும் எழுதியிருக்கும். சிலர் பெயருக்குப் பக்கத்தில் ‘மகள் பிரசவம் – பால்சுறா’ என்றும் இருக்கும். பிரசவித்த பெண்ணுக்குப் பால் ஊறப் பால்சுறாக் கருவாடு கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தப் பெயருக்கு மட்டும் செய்தி அனுப்பமாட்டார், நேரே போன் போட்டுக் கேட்பார்: “பிள்ளை நல்லா இருக்காளா? சுறா எடுத்து வச்சிருக்கேன்.”